கருங்கல், மஜ்ஜிக, சேவல்

நீதிமன்ற ஊழியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நடைமுறையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதற்குப் பயிற்சி இருக்கிறது, கையேடு இருக்கிறது, இரண்டும் போதாதபோது திட்டுவதற்கு மேலதிகாரி இருக்கிறார். நான் சொல்ல நினைப்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத, ஆனால் எந்த நீதிமன்றத்திலும் இல்லாமல் போகாத ஒன்றைப் பற்றி. மாஜிஸ்திரேட்டுகளுக்கு நாம் வைக்கும் பட்டப்பெயர்.

உங்களில் ஒருவர் சமீபத்தில் என்னைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய நீதிமன்றத்துக்குப் புதிய மாஜிஸ்திரேட் வரப்போகிறார். அவர் இன்னும் பழைய ஊரில் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பெயர் வைத்துக் காதும் குத்தியாகிவிட்டது. எங்கள் காலத்தில் ஆள் வந்து நாற்காலியில் உட்காரும் வரையாவது பொறுப்போம்.

நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. சொன்னாலும் நிறுத்த மாட்டீர்கள். தவிர, நானே அந்தப் பெயர்களை ரசித்தவள். எங்கள் பக்கத்து அணையின் பெயரில் 'பிளவக்கல்' என்று ஒருவர் இருந்தார். மாதக்கணக்கில் ஒரு தீர்ப்பும் வராது. ஒருநாள் மதகைத் திறந்தார் என்றால், நகல் எழுதுகிறவர்கள் நீந்தித்தான் கரையேற வேண்டும். வேட்டைநாயின் பெயரில் 'சிப்பிப்பாறை' என்று ஒருவர். ஒல்லியான மனிதர், குரைக்க மாட்டார், கவ்வினால் விட மாட்டார். 'பால்கோவா' என்று ஒருவர். அவரிடம் திட்டு வாங்கிய வக்கீல் வெளியே வந்து டீ குடித்து முடிக்கும்போதுதான் தான் திட்டு வாங்கியதையே உணர்வார். எனக்கும் ஒரு பெயர் உண்டு. 'வேகத்தடை'. கையெழுத்து விட்டுப்போன ஒரு மனுவும் என் மேசையைத் தாண்டியதில்லை என்பதால் வைத்தது. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த சால்வையைவிட அதைத்தான் மரியாதையாக நினைக்கிறேன்.

இந்தப் பெயர்களால் பயன் இல்லை என்றும் சொல்ல முடியாது. கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவருக்கு மாஜிஸ்திரேட்டின் குணத்தை உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். அவரும் அதற்கேற்ப நடந்துகொள்வார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதற்கேற்ப நடந்துகொள்வார்.

நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது ஒரு பெண் மாஜிஸ்திரேட் மாற்றலாகி வந்தார். பெஞ்ச் கிளார்க்கின் இடம் உங்களுக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்டின் காலடியில், ஊருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. மேலே இருப்பவர் முகத்தை நாம் பார்க்க முடியாது. அவரைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்க்க முடியும். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வந்த முதல் வாரத்தில் அவர் முன் இரண்டு மனுக்கள் வந்தன. போலீஸ் பிடித்து வைத்த லாரியைத் திரும்பக் கேட்டு. இரண்டையும் தள்ளுபடி செய்தார். அன்று மதியம் டீக்கடையில் முத்தையா என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார். முத்தையா வக்கீல் குமாஸ்தா. எங்கள் பக்கத்து மாஜிஸ்திரேட்டுகளுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவர்.

"மேடம், பேரு வச்சாச்சு."

"முத்தையா, அந்தம்மா வந்து முழுசா ஒரு வாரம் ஆகலை."

"ரெண்டு லாரி பாத்தாச்சுல்லா? போலீஸ் கட்டிப்போட்டத இந்தம்மா அவுக்காது. கருங்கல்லு."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெயர் வளாகம் முழுவதும் போய்விட்டது. மறுநாள் காலை ராஜபாளையத்திலிருந்து வந்த வக்கீல்களும் அதையே சொன்னார்கள்.

அடுத்த மாதம் மம்சாபுரம் பக்கத்தில் ஒரு கோயில் கொடை விழாவுக்கு வண்டிப் பந்தயம் நடந்தது. மாட்டு வண்டி முடிந்து குதிரை வண்டி. பந்தயக்காரர்களும் நம்மைப் போலத்தான், நடுவர்களை யாரும் சொந்தப் பெயரால் அழைப்பதில்லை. போகும் வண்டிகள் திரும்புகிற இடத்தில் நிற்பவர் 'எல்லைச்சாமி'. முடிவுக் கோட்டில் அசையாமல் கண்ணை நட்டுக்கொண்டு நிற்பவர் 'கொக்கு'. கொடி அசைத்து வண்டிகளை விடுகிறவர் 'சேவல்'. எந்த ஊர்ப் பந்தயத்துக்கும் கமிட்டியார் அவரைத்தான் அழைப்பார்கள். வண்டிகள் வரிசைக்கு வந்து நிற்கும் முன்பே கொடியை இறக்கிவிடுவது அவர் வழக்கம். அதனால் அனுபவமுள்ள சாரதிகள் யாரும் கொடியைப் பார்ப்பதில்லை. அவர் தோள் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசைந்ததும் விட்டுவிடுவார்கள்.

அன்றைக்கு அவர் தோள் அசைந்தது. கொடி இறங்கவில்லை. போன ஊரில் வாங்கிய வசவுக்குப் பிறகு, எல்லா வண்டியும் நேராக நிற்கும் வரை கொடியை இறக்குவதில்லை என்று அவர் முடிவு செய்து வந்திருந்தார். அந்த முடிவைச் சாரதிகளிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சேத்தூர் ஞானராஜ் தன் குதிரையை விட்டுவிட்டான். மற்ற வண்டிகள் இன்னும் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்த்து, பதறிக் கயிற்றை இழுத்ததில் வண்டி ஓரமாகச் சாய்ந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் ஏறியது. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. பிறகு கூடிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் வழக்குப் போட்டது. ஞானராஜுக்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. வண்டியும் குதிரையும் வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் கொல்லைப்புறத்துக்குப் போயின.

வண்டி அங்கே எத்தனை மாதம் வேண்டுமானாலும் நிற்கும். குதிரை நிற்காது.

ஞானராஜ் பெயிண்டர். கோயில் கொடி ஏறும் மாதங்களில் மட்டும் பந்தயக்காரன். அந்தப் பெண்குதிரைக்கு வேதாகமத்திலிருந்து எடுத்து எஸ்தர் என்று பெயர் வைத்திருந்தான். அது குட்டியாக வந்ததிலிருந்து அவனைத் தவிர வேறு யார் கையிலும் தின்றதில்லை என்று முதல் நாளே என்னிடம் சொன்னான். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் கேட்காமலே.

"அக்கா, ஒரு விவரம் வேணும். அம்மா எப்ப லீவுல போறாங்க?"

இந்தக் கேள்வியை எந்தக் கட்சிக்காரர் கேட்டாலும் காரணம் ஒன்றுதான். யாரோ அவரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாரு கேட்டுட்டு வரச் சொன்னது?"

"முத்தையா அண்ணாச்சி. இந்தம்மாகிட்ட மனு போட்டா தள்ளிருவாங்களாம். அவிய லீவுல போனா ராஜபாளையத்து ஐயா இன்சார்ஜா வருவாராம். அவரு மோரு மாதிரியாம்."

ராஜபாளையம் மாஜிஸ்திரேட்டுக்கு 'மஜ்ஜிக' என்று பெயர். வீட்டில் தெலுங்கு பேசும் குமாஸ்தா ஒருவர் வைத்தது. மோர் என்று அர்த்தம். யாருக்கும் சூடு ஏறாது, எல்லாருக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

முத்தையாவின் கணக்கு முட்டாள்தனமானது இல்லை. ஒரு மாஜிஸ்திரேட் ஒருமுறை தள்ளுபடி செய்துவிட்டால், பொறுப்புக்கு வருகிறவர் அதே மனுவைத் தொடத் தயங்குவார். இருப்பது ஒரு வாய்ப்பு என்றால் அதை மோரிடம் கொண்டுபோவதா, கல்லிடம் கொண்டுபோவதா? பெயர்கள் சரியாக இருக்கும் பட்சத்தில் முத்தையா செய்தது நல்ல யோசனை.

கட்சிக்காரருக்கு யோசனை சொல்வது நம் வேலை இல்லை. நடைமுறையைக் கேட்டால் சொல்வது நம் வேலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடத்தில்தான் பணிக்காலம் முழுவதும் நிற்கிறோம்.

"லீவு விவரம் சொல்ல முடியாது, தம்பி. மனுவை எந்த வேலை நாளிலும் போடலாம்."

இரண்டாவது வாக்கியத்தை அழுத்தித்தான் சொன்னேன். அவனுக்கு முதல் வாக்கியம் மட்டும் கேட்டது. போய்விட்டான்.

மாஜிஸ்திரேட்டின் விடுப்பு அடுத்த வாரம் என்று வளாகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் வந்தது. மாஜிஸ்திரேட்டும் வந்தார். வீட்டு விசேஷம் தள்ளிப்போனதால் விடுப்பை ரத்து செய்துவிட்டார். முத்தையா அசரவில்லை. தள்ளிப்போன விசேஷம் நடந்துதானே ஆக வேண்டும், இன்னும் கொஞ்சம் பொறு என்று ஞானராஜிடம் சொன்னார்.

இதற்குள் குதிரைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் யாரும் அதைக் கொடுமைப்படுத்தவில்லை. நடந்தது நேர் எதிர். ஒரு ஏட்டுக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டது. காலையில் ஞானராஜ் புல்லுக்கட்டைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனதும், மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றை வாளியில் கொண்டுவந்து வைப்பார். பிறர் கையில் தின்னாத குதிரை அது. பசி அதை மாற்றிவிட்டது. ஆசையாகத் தின்றது. பந்தயத்துக்கு ஓடிப் பழகிய குதிரையை நாள் முழுவதும் சிமெண்ட் தரையில் நிற்க வைத்து வாளி வாளியாகச் சோறு போட்டால் என்ன ஆகும் என்று குதிரைக்காரர்களுக்குத் தெரியும். ஏட்டுக்குத் தெரியாது.

இரண்டாம் முறை ஞானராஜ் வந்தபோது முகம் சரியில்லை.

"அக்கா, எஸ்தர் காலை ஊனமாட்டேங்குது. முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டி, உடம்பைப் பின்னால சாச்சு நிக்கி. டாக்டரக் கூட்டிட்டுப் போயிக் காமிச்சேன். குளம்புக்குள்ள வீக்கமாம். உடனே மணல்ல கட்டணும், சோத்த நிறுத்தணும்ங்காரு. சோத்த நிறுத்தச் சொல்லிட்டேன். மணலுக்கு எங்க போக? அவுத்துக் குடுங்கன்னா கோர்ட்டு உத்தரவு வேணும்ங்காங்க."

"முத்தையா என்ன சொல்லுதாரு?"

"இன்னும் செத்த நாள் பொறுங்காரு. கருங்கல்ல போயி முட்டாதங்காரு."

அந்த நேரம் மேசையில் வேறு யாரும் இல்லை. நான் கேட்டது நடைமுறைக்கு உட்பட்ட கேள்வியா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

"அன்னைக்குப் பந்தயத்துல கொடி எறங்கும் முன்னால ஏன் விட்ட?"

"அவரு எப்பவும் முந்திருவாருக்கா. சேவல்லா? அன்னைக்கு முந்தல."

"அவரை நீ பாத்திருக்கியா, முன்னால?"

"எத்தன பந்தயம்! வருஷக்கணக்காப் பாக்கேன்."

"இந்தம்மாவை?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

"வருஷக்கணக்காப் பாத்தவரே அன்னைக்குப் பேருக்குத் தக்கன நடக்கலை," என்று மட்டும் சொல்லிவிட்டு, முன்னால் இருந்த கட்டைப் பிரித்தேன்.

அவன் வேகமாக வெளியே போனான். மரத்தடியில் அவனும் முத்தையாவும் சத்தம் போடுவது உள்ளே வரை கேட்டது.

"ஏலே, தள்ளிட்டாங்கன்னா என் மேல வராத. சொல்லிட்டேன்."

"வர மாட்டேன் அண்ணாச்சி. மனுவ எழுதுங்க."

"உன் நல்லதுக்குச் சொல்லுதேன். மோர்கிட்டப் போனா..."

"அவரு வாரதுக்குள்ள குதிரை இருக்கணும்லா?"

மறுநாள் காலை மனு வந்தது. கையெழுத்து, முத்திரை, கால்நடை மருத்துவர் சான்று எல்லாம் சரியாக இருந்தன. முத்தையா தன் வேலையில் குறை வைப்பவர் இல்லை. அவசரம் என்று வக்கீல் சொன்னதால், மதியத்துக்கு முன்பே மாஜிஸ்திரேட் அதை எடுத்துக்கொண்டார்.

அரசு வக்கீல் வழக்கமான ஆட்சேபணையைச் சொன்னார். திரும்பக் கொடுத்தால் மறுபடி பந்தயத்தில் ஓட்டுவார்கள். மாஜிஸ்திரேட் சான்றைப் படித்துவிட்டு ஏட்டைக் கூப்பிட்டார்.

"இதுக்கு என்ன தீனி போட்டீங்க?"

"சோறும்மா. மெஸ்ல மிஞ்சுனது. ஆசையாத் திங்கவும்..." ஏட்டு தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நல்லதுன்னுதாம்மா நெனைச்சேன்."

மாஜிஸ்திரேட் ஏட்டைத் திட்டவில்லை. வக்கீல் பக்கம் திரும்பினார்.

"பிடிச்சு இத்தனை நாள் ஆச்சு. இன்னைக்கு அவசரம்ங்கிறீங்க. ஏன் முன்னாலயே மனு போடலை?"

நான் முதலில் சொன்னேனே, பெஞ்ச் கிளார்க்குக்கு ஊர் முகம் தெரியும் என்று. அந்த நேரம் நீதிமன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒருவராலும் சொல்ல முடியாது. ஏட்டு தரையைப் பார்த்தார். முத்தையா மின்விசிறியைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"கட்சிக்காரர் ஊரில் இல்லாததால், கனம் கோர்ட்டார் அவர்களே..."

"அவர் அந்தா நிக்கிறாரே. அவரே சொல்லட்டும்."

ஞானராஜ் முன்னால் வந்தான். கைகட்டிக்கொண்டு, நேராக அவரைப் பார்த்துச் சொன்னான்.

"நீங்க லீவுல போறதுக்காகப் பொறுத்திருந்தேம்மா."

வாசல் பக்கம் யாரோ இருமினார்கள்.

"ஏன்?"

"நீங்க குடுக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

அவன் திரும்பி முத்தையாவைப் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"எல்லாருந்தாம்மா."

மேலேயிருந்து கோபமான குரல் வரும் என்று காத்திருந்தேன். என் பெயர்தான் வந்தது. அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"நான் சார்ஜ் எடுத்ததுலேர்ந்து ஆடு, மாடு, குதிரை திரும்பக் கேட்டு எத்தனை மனு வந்திருக்கு?"

"ஒண்ணுகூட வரலைம்மா."

"தள்ளுபடி ஆனது?"

"ரெண்டு, அம்மா. மணல் லாரி. ரெண்டும் மூணாவது தடவை பிடிபட்டது."

"சரி," என்றார். அவ்வளவுதான். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

உத்தரவைச் சொல்லச் சொல்ல ஸ்டெனோ எழுதினார். மனு அனுமதிக்கப்படுகிறது. கோர்ட் கேட்கும்போது குதிரையை ஆஜர்படுத்த வேண்டும். விற்கக் கூடாது. வழக்கு முடியும் வரை எந்தப் பந்தயத்திலும் ஓட்டக் கூடாது.

"அது இனி ஓடாதும்மா," என்றான் ஞானராஜ். இடையில் பேசக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. "குளம்புக்குள்ள எலும்பு எறங்கிட்டுன்னு நேத்து டாக்டர் சொல்லிட்டாரு. நடந்தாப் போதும்."

பக்கத்தில் நின்ற டவாலிச் சேவகர் அவனை அதட்ட வாயைத் திறந்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்தியிருக்க வேண்டும், டவாலி வாயை மூடிக்கொண்டார்.

"கடைசி நிபந்தனையை எடுத்துருங்க," என்றார் மாஜிஸ்திரேட். அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

அன்று மதியமே குதிரையை மினி லாரியில் ஏற்றினார்கள். லாரியில் ஞானராஜ் மணல் பரப்பியிருந்தான். ஏட்டும் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்தாராம். எஸ்தர் பிழைத்தது. இரண்டு மாதம் கழித்து மெதுவாக நடக்க ஆரம்பித்தது. வண்டியில் பூட்ட முடியாது என்று மருத்துவர் சொன்னது கடைசி வரை மாறவில்லை. மனு முதல் நாளே வந்திருந்தால் உத்தரவும் முதல் நாளே வந்திருக்கும். கேட்டால் கொடுக்கக்கூடிய இடத்தில் கேட்காமலே ஒரு குதிரையின் கால் போனது.

நாம் வைக்கும் பெயரால் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் காதுக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. நட்டம் அந்தப் பெயரை நம்பி வாசலோடு திரும்பிப் போகிறவருக்கு. திரும்பிப் போனவர் நம் எந்தப் பதிவேட்டிலும் வர மாட்டார். அதனால் பெயர் தப்பு என்று நமக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மேசைக்கு வந்து விடுப்பு எப்போது என்று கேட்கிறவரிடம், இன்றைக்கும் மனு போடலாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். முதல் முறை அவர் காதில் விழாது.

வழக்கில் ஞானராஜ் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய நாளில், நான் டீக்கடையில் இருந்தேன். முத்தையா நல்ல உற்சாகத்தில் இருந்தார். குதிரை உத்தரவுக்குப் பிறகு கருங்கல் என்ற பெயர் செல்லாது என்று அவருக்கே பட்டிருந்தது.

"பேரை மாத்தியாச்சு மேடம். இனிமே வெண்ணெ. சூடு பட்டா உருகிருது பாத்தீங்கள்ல? பொருள் திருப்பணும்னா இனி தைரியமா இந்தம்மாகிட்டப் போலாம்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஞானராஜ் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்தான்.

"அண்ணாச்சி, அந்தம்மாவுக்கு ஒரு பேரு இருக்குல்லா, ரூம் வாசல்ல போர்டுல எழுதி? அதையே சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டுச் சேத்தூர் பஸ்ஸைப் பிடிக்கப் போனான். முத்தையா எங்கள் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"போர்டுல என்ன பேரு போட்டிருக்கு, மேடம்?" என்றார்.